விடிய விடியப் படிப்பு!
யூதர் பண்டிகையில் பரவிவரும் கண்விழிப்பு இரவு

இரவு மணி பத்து. ஊர் தூங்கப் போகும் நேரம். ஆனால் நியூயார்க் நகரின் மேன்ஹாட்டன் பகுதியில் உள்ள யூத சமூக நிலையத்துக்குள் அப்போதுதான் கூட்டம் கூட்டமாக மக்கள் நுழைகிறார்கள். கிழவர்கள் வருகிறார்கள். கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். கைக்குழந்தையோடு தாய்மாரும் வருகிறார்கள்.

எதற்கு? நாடகம் பார்க்கவா? இல்லை. படிக்க வருகிறார்கள். விடியும் வரை படிக்க!

ஆண்டில் ஒரு நாள் இது நடக்கிறது. அந்த நாள் யூதர்களின் "ஷவுவோத்" பண்டிகை. தமிழில் சொன்னால் "வாரங்களின் பண்டிகை". பஸ்கா பண்டிகையிலிருந்து நாளை எண்ணிக்கொண்டே வருவார்கள். 49 நாள், அதாவது ஏழு வாரம் எண்ணி முடித்ததும் 50-வது நாள் இந்தப் பண்டிகை. மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ வரும். சீனாய் மலையில் மோசேயின் மூலம் கடவுள் வேதச் சட்டத்தைக் கொடுத்தது இந்த நாளில்தான் என்பது யூதர்களின் நம்பிக்கை. பத்துக் கட்டளைகள் பிறந்த நாள் என்று சொல்லலாம்.

சட்டம் கிடைத்த நாளுக்கு விழா எப்படி எடுப்பது? பட்டாசு வெடிப்பதா? விளக்கு ஏற்றுவதா? யூதர்கள் வேறு வழி கண்டார்கள். இரவெல்லாம் கண்விழித்து வேதம் படிப்பது. நம் பக்கத்தில் சிவராத்திரிக்குக் கண்விழிப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே பூஜை இல்லை, பஜனை இல்லை. கையில் ஒரு தாள், எதிரே ஒரு ஆள், நடுவே ஒரு வாக்குவாதம். அவ்வளவுதான்.

தூங்கிப் போனவர்கள்

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. கடவுள் மலையில் இறங்கி வரப்போகிறார். அதற்கு முந்திய இரவில் இஸ்ரவேல் மக்கள் நன்றாகத் தூங்கிவிட்டார்களாம். விடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. மோசே வந்து தட்டி எழுப்பினாராம். அந்தத் தவறைச் சரிசெய்யத்தான் பேரப்பிள்ளைகள் இன்றும் விழித்திருக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த இரவுப் படிப்புக்கு "திக்குன்" என்று பெயர். சரிப்படுத்துதல், செப்பனிடுதல் என்று அதற்குப் பொருள்.

கதை பழையது. வழக்கம் அவ்வளவு பழையது அல்ல. 16-ம் நூற்றாண்டில் துருக்கி சுல்தானின் ராஜ்யத்தில் யோசேப் காரோ என்ற பெரிய ரபி இருந்தார். ரபி என்றால் மத குரு. அவரும் சில நண்பர்களும் பண்டிகை இரவில் விழித்திருந்து படித்தார்கள். நள்ளிரவில் காரோவின் வாயிலிருந்து ஒரு தெய்வக் குரல் பேசியதாம். "பத்துப் பேர் சேர்ந்திருந்தால் இன்னும் மேலே போயிருப்பீர்கள்" என்ற கருத்தில் அந்தக் குரல் சொன்னதாம். மறு இரவு ஆள் சேர்த்துக்கொண்டு பத்துப் பேராக உட்கார்ந்தார்கள். கூட இருந்த சாலமோன் அல்காபெத்ஸ் என்ற கவிஞர் இதைக் கடிதமாக எழுதி வைத்தார். பிறகு இவர்கள் கலிலேயா நாட்டில் உள்ள சபேத் என்ற மலை ஊருக்குக் குடிபோனார்கள். அங்கிருந்து வழக்கம் நாலா பக்கமும் பரவியது.

எப்படி இவ்வளவு வேகமாகப் பரவியது? பக்தி ஒரு காரணம். மற்றொரு காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். காப்பி!

ஆம், காப்பிதான். அதே நூற்றாண்டில்தான் ஏமன் நாட்டுக் காப்பி கெய்ரோவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் பாலஸ்தீன ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. காப்பி போன வழியிலேயே யூதர்களின் இரவு வழிபாடுகளும் போயின என்று எலியட் ஹோரோவிட்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1989-ல் ஒரு கட்டுரை எழுதினார். பக்தி இருந்தாலும் கண் மூடத்தானே செய்யும்? இன்றும் இந்த இரவை நடத்துகிறவர்கள் முதலில் ஏற்பாடு செய்வது பேச்சாளரை அல்ல, காப்பியைத்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

முன்பெல்லாம் இந்த இரவுக்கென்று ஒரு புத்தகம் உண்டு. வேதத்தின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் முதலில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் எடுத்து அச்சடித்திருப்பார்கள். அதை வரிசையாக ஓதி முடிப்பார்கள். புரிந்ததா புரியவில்லையா என்று யாரும் கேட்கமாட்டார்கள். இப்போது பல இடங்களில் அது மாறிவிட்டது. ஓதுவதற்குப் பதில் கேள்வி கேட்கிறார்கள். மாற்றத்தின் உயிர்நாடியே இதுதான்.

சட்டம் யாருடைய சொத்து?

இஸ்ரேல் நாட்டில் உள்ள யூதர்கள் எல்லோரும் தாடி வளர்த்து, கருப்பு அங்கி போட்டு, வேதம் படிப்பவர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையம் 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, இஸ்ரேலிய யூதர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், அதாவது 49 சதவீதம் பேர், தங்களை மதச்சார்பில்லாதவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்தப் பாதிப்பேருக்கு வெகுகாலம் ஷவுவோத் என்றால் பால்கட்டிப் பலகாரம்தான். இந்தப் பண்டிகைக்குப் பால் பதார்த்தங்கள் சாப்பிடுவது வழக்கம். கூட்டுப்பண்ணைகளில் வாழ்ந்தவர்கள் இதை அறுவடை விழாவாக மாற்றினார்கள். டிராக்டருக்குப் பூமாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள். முதல் விளைச்சலை மேடையில் அடுக்கினார்கள். அந்த ஆண்டு பிறந்த குழந்தைகளையும் தூக்கிக் காட்டினார்கள். நல்ல விழாதான். ஆனால் புத்தகம் அங்கே இல்லை. புத்தகம் மதவாதிகளின் கையில் இருந்தது. "அது அவர்கள் சொத்து, நமக்கெதற்கு?" என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

1980-களின் கடைசியில் சிலர் இதைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார்கள். ரூத் கால்டெரோன் என்ற பெண்மணி 1989-ல் ஜெருசலத்தில் "எலுல்" என்ற படிப்பகம் தொடங்கியதில் முக்கியப் பங்கு வகித்தார். மதம் பேணுபவரும் பேணாதவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழைய நூல்களைப் படிப்பது அதன் நோக்கம்.

பிறகு ஒரு இடி விழுந்தது. 1995 நவம்பர் 4-ந் தேதி. டெல் அவீவ் நகரில் ஒரு சமாதானக் கூட்டம். கூட்டம் முடிந்து வந்த பிரதமர் இட்சாக் ராபின் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் அரபி அல்ல, யூதன். வெறும் யூதன்கூட அல்ல, மதப்பற்று மிகுந்த சட்டக் கல்லூரி மாணவன். மதச் சட்டமே தனக்கு இடம் கொடுத்தது என்று அவன் வாதாடினான்.

நாடு நடுங்கிவிட்டது. "நாம் படிக்காமல் விட்ட புத்தகத்தை எடுத்து ஒருவன் கொலைக்கு நியாயம் சொல்கிறானே!" என்று பலர் யோசித்தார்கள். அடுத்த ஆண்டே, 1996-ல், "பீனா" என்ற கல்வி ஸ்தாபனம் பிறந்தது. மதச்சார்பில்லாத இளைஞர்களுக்கு யூத நூல்களைச் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. அதே 1996-ல் டெல் அவீவில் "அல்மா" என்ற கல்லூரியைக் கால்டெரோன் தொடங்கினார். கடற்கரைக்கும் கேளிக்கைக்கும் பெயர்போன டெல் அவீவில் பண்டிகை இரவில் படிப்புக் கூட்டங்கள் நடக்க ஆரம்பித்தன. பாட்டு உண்டு, கவிதை உண்டு, சினிமா பற்றிய பேச்சுகூட உண்டு. ஆனால் நடுவே பழைய நூல் திறந்திருக்கும்.

இதைப் பார்த்துப் பழைமைவாதிகளில் சிலர் முகம் சுளித்தார்கள். பன்றி மாமிசம் சாப்பிடுபவனுக்கு வேதப் படிப்பு எதற்கு என்று கேட்டார்கள். கேள்வி கடுமையானதுதான். ஆனால் சட்டம் சீனாய் மலையடியில் நின்ற எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது என்று வேதமே சொல்லும்போது, வாசலில் காவல் நின்று ஆளைப் பொறுக்குவது எப்படி? இந்தப் பதிலுக்கு மறுபதில் சொல்வது எளிதல்ல.

பார்லிமெண்டில் ஒரு பாடம்

2013-ல் கால்டெரோன் இஸ்ரேல் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிப்ரவரி மாதம் முதல் பேச்சு. புதிய உறுப்பினர் என்ன பேசுவார்? தொகுதிக் குறை, கட்சிக் கொள்கை. கால்டெரோன் தல்மூத் நூலைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒரு கதையைப் படித்துப் பாடம் நடத்தினார்!

கதை இது. ரெகூமி என்று ஒரு பண்டிதர். வெளியூரில் குருவிடம் படித்துவந்தார். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், பாவநிவாரண நாளுக்கு முந்தின நாள், வீட்டுக்கு வருவார். ஒரு ஆண்டு படிப்பில் மூழ்கிவிட்டார். வீட்டை மறந்துவிட்டார். மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ வருவார், இதோ வருவார் என்று காத்திருந்தாள். அவர் வரவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தது. அந்த நேரம் அவர் ஒரு கூரைமேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். கூரை இடிந்தது. அவர் செத்துப் போனார்.

படிப்பு பெரிதா, வீடு பெரிதா? சண்டையில் சில சமயம் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இரு தரப்பும் தாங்கள்தான் தனியாகப் பாரம் சுமப்பதாக நினைக்கிறார்கள் என்ற பொருளில் கால்டெரோன் விளக்கினார். அப்போது சபைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஷாஸ் என்ற மதக் கட்சியின் உறுப்பினர். அவரும் நடுவில் புகுந்து அந்தக் கதைக்கு ஒரு நுணுக்கம் சொன்னார். அரசியல் எதிரிகள் ஒரு ஏட்டின் மீது குனிந்து நின்ற காட்சி அது.

அது வெறும் கதை அல்ல. இஸ்ரேலின் மிகப் பெரிய சண்டை அதற்குள் இருக்கிறது. அந்த நாட்டில் யூத இளைஞர்களும் பெண்களும் பட்டாளத்தில் சேருவது கட்டாயம். ஆனால் 1948-ல் முதல் பிரதமர் பென் குரியோன் வேதப் பாடசாலை மாணவர்கள் சுமார் 400 பேருக்கு விலக்குக் கொடுத்தார். ஐரோப்பாவில் ஹிட்லர் அழித்த பாடசாலைகள் மீண்டும் தழைக்கட்டும் என்பது எண்ணம். அந்த 400 நாளடைவில் 60,000-க்கு மேல் ஆகிவிட்டது. "எங்கள் பிள்ளைகள் எல்லையில் சாகிறார்கள், உங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்களா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். "நாங்கள் படிக்கும் படிப்புத்தான் நாட்டைக் காக்கிறது" என்று மறுபக்கம் சொல்கிறது. 2024 ஜூன் 25-ந் தேதி இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது: விலக்குக்குச் சட்ட ஆதாரம் இல்லை, மாணவர்களையும் அழைக்க வேண்டும். அந்த ஆண்டு ஷவுவோத் இரவு முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

கால்டெரோன் சொன்ன மனைவியின் கண்ணீர் இப்போது இன்னும் கனமாகிவிட்டது.

பெண்கள் வந்தார்கள்

இந்த இரவின் மற்றொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. ஒரு காலத்தில் ஆண்கள் ஜெப ஆலயத்தில் படிப்பார்கள். பெண்கள் வீட்டில் பலகாரம் செய்வார்கள். தல்மூத் பெண்களுக்கு எட்டாத நூலாக இருந்தது. 1917-ல் போலந்தின் கிராக்கோவ் நகரில் சாரா ஷெனிரர் என்ற தையல்காரப் பெண்மணி பெண் குழந்தைகளுக்கு மதப் பள்ளி தொடங்கினார். அங்கேயும் தல்மூத் கிடையாது. 1979-ல் நியூயார்க்கில் "டிரிஷா", 1988-ல் ஜெருசலத்தில் "மத்தான்" ஆகிய நிலையங்கள் பெண்களுக்கு ஆழ்ந்த படிப்பைத் திறந்துவிட்டன. இன்று பல ஊர்களில் நள்ளிரவு வகுப்பை நடத்துபவர் பெண். கேட்பவர்களில் ஆண்களும் இருக்கிறார்கள். இந்தத் தலைமுறைக்கு இது ஆச்சரியமாகவே தெரியவில்லை. அவர்களுடைய பாட்டிமாருக்குத்தான் தெரியும் இது எவ்வளவு தூரம் என்று.

நடத்திப் பார்த்தால் தெரியும்

இந்த இரவை நடத்துவது லேசான காரியம் அல்ல. கல்யாண வீட்டு வேலை மாதிரி. மாலைப் பிரார்த்தனை, சாப்பாடு முடிந்து பத்து மணிக்கு மேல் தொடங்கவேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு வகுப்பு. பெரிய இடங்களில் ஒரே நேரத்தில் நாலைந்து அறைகளில் நடக்கும். ஒன்றில் தல்மூத், ஒன்றில் சரித்திரம், இன்னொன்றில் வைத்தியமும் மதமும். பிள்ளைகளுக்குத் தனி அறை. அங்கே ஐஸ்கிரீம். படிப்பைவிட ஐஸ்கிரீமுக்கு வரும் பிள்ளைகளே அதிகம். அதில் தப்பில்லை.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? மைக்கில்! பண்டிகை நாளில் மின்சார விசையைத் தொடக்கூடாது, எழுதக்கூடாது, கார் ஓட்டக்கூடாது என்பது வைதீக யூதரின் விதி. ஆகவே மைக் கிடையாது, படம் காட்டும் திரை கிடையாது, குறிப்பு எடுக்கப் பேனா கிடையாது. சீர்திருத்தப் பிரிவினர் இவற்றையெல்லாம் உபயோகிக்கிறார்கள். இரண்டு பிரிவும் சேர்ந்து ஒரே இரவு நடத்த விரும்பினால்? பெரும்பாலும் கட்டுப்பாடு அதிகமுள்ளவர் விதிக்கே மற்றவர் இணங்கவேண்டியிருக்கிறது. அவரால் விதியை மீற முடியாது, இவரால் மைக் இல்லாமல் கத்திப் பேச முடியும் அல்லவா? ஒற்றுமைக்கு யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி இங்கே ஒரு மைக்கின் உருவத்தில் வந்து நிற்கிறது.

படிக்கவேண்டிய பகுதிகளை முன்கூட்டியே தாளில் அச்சடித்து வைப்பார்கள். இதற்கு இப்போது கம்ப்யூட்டர் கைகொடுக்கிறது. "செபாரியா" என்ற இலவச மின் நூலகம் 2011-ல் தொடங்கியது. வேதமும் தல்மூதும் மொழிபெயர்ப்போடு அதில் கிடைக்கின்றன. சின்ன ஊரில் பெரிய ரபி இல்லாவிட்டாலும், ஒரு பள்ளிக்கூட ஆசிரியரோ கடைக்காரரோ இரண்டு பக்கம் தயார் செய்துகொண்டு வந்துவிடலாம். தாளைக் கொடுத்ததும் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து உரக்கப் படித்து வாதாடுவார்கள். யூதர்களின் பழைய படிப்பு முறை அது. மூன்றாவது மனிதனுக்குச் சண்டை போலத் தோன்றும்.

ஊருக்கு ஊர் இரவும் வேறுபடும். லண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகும். ஐந்து மணிக்குள் உதித்துவிடும். கொஞ்சம் பல்லைக் கடித்தால் போதும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் அது குளிர்காலம். ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். அங்கே விடிய விடிய என்றால் உண்மையிலேயே நீண்ட இரவு!

2020-ல் கொரோனா வந்தபோது ஜெப ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. சீர்திருத்தப் பிரிவினர் கம்ப்யூட்டர் திரையில் கூடினார்கள். வைதீகர்கள் பண்டிகை தொடங்குமுன்பே திரையில் வகுப்பை முடித்து, சூரியன் மறைந்ததும் அணைத்துவிட்டு வீட்டில் தனித்தனியே விழித்திருந்தார்கள்.

கதவைத் திறப்பதா, பூட்டுவதா?

இப்போது மிகப் பெரிய கவலை காப்பியும் அல்ல, மைக்கும் அல்ல. வாசல் கதவு.

இந்த இரவின் அழகே யாரும் வரலாம் என்பதுதான். ஆனால் 2018 அக்டோபர் 27-ந் தேதி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒருவன் ஜெப ஆலயத்துக்குள் புகுந்து 11 பேரைச் சுட்டுக் கொன்றான். 2025 ஜூன் 1-ந் தேதி கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில், காஸாவில் இருந்த பிணைக்கைதிகளுக்காக அமைதியாக நடந்துபோன கூட்டத்தின் மீது ஒருவன் தீக்குண்டு வீசினான். பலர் காயமடைந்தார்கள். ஒரு மூதாட்டி பிறகு இறந்தார். அன்று மாலைதான் ஷவுவோத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, பாவநிவாரண நாளில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஜெப ஆலயத் தாக்குதலில் 2 பேர் உயிர் இழந்தார்கள்.

ஆகவே வாசலில் காவலாளி. முன்கூட்டியே பெயர் பதிவு. பைச் சோதனை. இங்கிலாந்தில் சமூகப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற ஸ்தாபனம் தொண்டர்களுக்கே பயிற்சி கொடுத்து நிறுத்துகிறது. உள்ளே மற்றவர்கள் படிக்கும்போது ஒரு தகப்பனோ மகனோ வெளியே குளிரில் நிற்கிறான். சோதனை கடுமையானால் தயங்கித் தயங்கி முதல் தடவை வருகிறவன் திரும்பிப் போய்விடுவான். அவனுக்காகத்தானே இந்த இரவு? இந்தச் சிக்கலுக்கு யாரிடமும் சுலபமான விடை இல்லை.

அன்று படிக்கிற நூல்களில் ஒன்று ரூத்தின் கதை. ரூத் மோவாப் நாட்டுப் பெண். அன்னியள். கணவனை இழந்தவள். மாமியாரைக் கைவிடாமல் கூடவே வந்து, பிறர் வயலில் கதிர் பொறுக்கி அவளைக் காப்பாற்றினாள். தாவீது ராஜாவுக்குக் கொள்ளுப்பாட்டி ஆனாள். அன்னியளை ஏற்றுக்கொண்ட கதையை உள்ளே படிக்கிறார்கள், வாசலில் அன்னியனைச் சோதிக்கிறார்கள். யாரை நம்மவராக ஏற்பது என்பது இஸ்ரேலில் நீதிமன்றம் வரை போன வழக்கு. அங்கே சீர்திருத்தப் பிரிவின் மூலம் மதம் மாறியவருக்கும் குடியுரிமை உண்டு என்று 2021 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதக் கட்சிகள் கொதித்தன.

2024 பண்டிகை இரவு எல்லாவற்றையும்விடக் கடினமானது. 2023 அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன்பின் நடந்த போரில் காஸாவில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 2024 ஷவுவோத்துக்கு மூன்று நாள் முன்பு, நுசைராத் முகாமிலிருந்து 4 கைதிகளை இஸ்ரேல் ராணுவம் மீட்டது. அந்தத் தாக்குதலில் 270-க்கு மேற்பட்ட பாலஸ்தீனர்கள் இறந்ததாகக் காஸா சுகாதார அமைச்சகம் அறிவித்தது. ஒரு கண்ணில் ஆனந்தக் கண்ணீர். மறு கண்ணில்? அதைப் பற்றிப் பேசலாமா கூடாதா என்பதிலேயே யூதர்களுக்குள் கருத்து வேற்றுமை. "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளை கொடுக்கப்பட்ட இரவில் அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது என்று கேட்டவர்களும் உண்டு. "இன்றைக்கு ஒரு இரவாவது சண்டை வேண்டாம், சேர்ந்து உட்காருவோம்" என்றவர்களும் உண்டு.

இரவு மூன்று மணிக்குக் கூட்டம் மெலிந்துவிடும். பால்கட்டிப் பலகாரத் தட்டு காலி. பிள்ளைகள் மேலங்கிகளின் மீது சுருண்டு கிடப்பார்கள். ஜெருசலத்தில் மட்டும் அந்த நேரத்தில் தெருக்கள் நிறைகின்றன. ஊரெங்கும் உள்ள படிப்பகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இருட்டில் நடந்தே பழைய நகரத்துக்குப் போகிறார்கள். மேற்குச் சுவரின் முன்னால் விடியற்காலைப் பிரார்த்தனை. அப்போது பத்துக் கட்டளைகள் வாசிக்கப்படும். எல்லோரும் எழுந்து நிற்பது பல சபைகளில் வழக்கம். இரவெல்லாம் விழித்துப் படித்தவர்களில் சிலர் அந்த நேரம் பார்த்துக் கண் அயர்ந்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர்தான் தோளைத் தட்டி எழுப்பவேண்டும்.